மருமகளின் இரா இரா

கேட்டைப் போட்டுவிட்டார்கள். ஆட்டோ இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கும். ஆனால் ஆட்டோக்காரர் ஞானப்பிரகாசம் எதிரே வந்த தண்ணி லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டார், அந்த நேரம் பார்த்து மணி கணகணவென்று அடிக்க, கம்பி இறங்கி மூக்குக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. "போச்சுடா" என்று அவர் இஞ்சினை அணைத்தார். போகட்டுமே, இப்போ என்ன, என்று நினைத்தாள் மங்கையர்க்கரசி. அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. சாம்பார் காலையிலேயே கொதித்தாயிற்று, வீட்டுக்காரர் நடராசன் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், மகன் தாயுமானவன் மாடி அறையில் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருப்பான், இதோ பக்கத்தில் மருமகள் யுகாரி, ஜப்பானில் பிறந்து வளர்ந்த பெண், திருச்சி சித்திரை வெயிலில் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு, தையற்கார மல்லிகாவிடம் இப்போதுதான் வாங்கின புது ப்ளவுஸை அங்கேயே போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். ஒரு குறையும் சொல்ல முடியாத பெண். அட, அதுதானே சங்கடம். ஒரு குறையும் சொல்ல முடியாத, ஒரு குறையும் சொல்லாத பெண். எங்கெங்கோ போய்வந்த நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும், முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி நின்றுவிடும். காலையிலிருந்து இதோடு எத்தனையாவது தடவையோ.

காலையில் அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது தாயுமானவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். நின்ற விதமே சரியில்லை, சின்ன வயதில் மார்க் குறைந்த அன்றைக்கு நிற்பது போலவே நின்றான். "அம்மா, சாயங்காலம் ஆபீஸுக்கு பதில் சொல்லணும். இனிமே இங்கேருந்தே வேலை பாக்கறதுன்னா பாக்கலாம். இல்லேன்னா அடுத்த வாரம் ஒசாகாவுக்குக் கிளம்பணும்." அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், "யுகாரி என்ன சொல்றா?" "யோசிக்கிறா. அவ சொல்றதுதான். ஆனா நீ கேட்டுடாதம்மா. நீ கேட்டா உன் முகத்துக்காக சரின்னு சொல்லிடுவா, அப்புறம் மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுவா." "நான் ஏன்டா கேக்கப்போறேன்?" என்று வீறாப்பாகச் சொல்லியும் ஆயிற்று. சொன்னது வாய், மனசு சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வி, 'இருப்பியாம்மா, போயிடுவியா' என்கிற ஒரே ஒரு கேள்வி, அப்போதிலிருந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தது. அது வெளியே வந்துவிடக்கூடாதே என்று அவள் வேறு கேள்விகளாக வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஏறும்போது, "வசதியா இருக்காம்மா?" "பரவாயில்லை, அத்தை." மல்லிகா கடையில், "கை பிடிக்குதாம்மா, தளர்த்தித் தரச் சொல்லட்டுமா?" "பரவாயில்லை, அத்தை." இப்போது கேட்டில், "அந்தப் பக்கம் வெயில் அடிக்குதே, இப்படி வந்துக்கறியா?" "பரவாயில்லை, அத்தை." சிரித்த முகம். நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் அதே சிரித்த முகம்.

அந்தப் பரவாயில்லைதான் அவளுக்குப் பயம். மற்றவர்களுக்கு அது ஒரு சாதாரண வார்த்தை. மங்கை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் ஆபரேட்டராக உட்கார்ந்தவள், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரார் எரிச்சலையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். இப்போது போல நினைத்தவுடன் பேசிவிட முடியாத காலம். பம்பாய்க்குப் பேச வேண்டுமென்றால் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும், அவசரமென்றால் அர்ஜென்ட் கால், அதைவிட அவசரமென்றால் லைட்னிங் கால். லைன் கிடைக்காது. "என்னம்மா பண்றீங்க அங்க, தூங்கறீங்களா?" என்று கத்துவார் ஒரு ஜவுளிக்கடைக்காரர். தினமும் கத்துவார். பேரைச் சொல்லிக் கத்துவார், வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்பார், பெரிய கலெக்டர் மாதிரி. ஆனால் போனை வைக்க மாட்டார். மறுநாளும் அவரே பதிவார், பொங்கலுக்கு ஆபரேட்டர் பெண்கள் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தனுப்பியவரும் அவர்தான். கத்துகிறவன் காத்திருப்பான், அது அவள் அனுபவத்தில் கண்டது. ஒரு பெண்பிள்ளை இருந்தாள், குரல் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. நாக்பூரிலோ எங்கேயோ இருந்த புருஷனுக்கு வாரா வாரம் கால் பதிவாள். லைன் கிடைக்கலீங்க என்றால் முதலில் சலித்துக்கொள்வாள், "என்னங்க இது, போன வாரமும் இதே கதை" என்பாள். ஒருநாள் ரொம்ப மெதுவாக, தேன் மாதிரி, "பரவாயில்லைங்க, கேன்சல் பண்ணிடுங்க" என்றாள். அதற்கப்புறம் அந்த நம்பரிலிருந்து கால் வரவே இல்லை. என்ன ஆனதோ, யாரைக் கேட்பது. அவள் கேன்சல் பண்ணின அன்றைக்குச் சாயங்காலம் மங்கை பஸ்ஸில் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுதாள். யுகாரியின் குரலும் மெதுவானதுதான்.

பின்னால் ஒரு கார் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ரயில் வராமல் கேட் எப்படித் திறக்கும், ஹாரன் சத்தத்தைக் கேட்டு ரயில் பயந்து ஓடிவிடுமா என்ன? இரா இரா, என்று மங்கை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பால்கனியில் இரண்டு பேரும் கீரை ஆய்வார்கள், யுகாரி தமிழ் வார்த்தை கேட்பாள், மங்கை பதிலுக்கு ஜப்பான் வார்த்தை கேட்பாள். வணக்கம், நன்றி எல்லாம் எனக்கு வேண்டாம், கோபம் வந்தால் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள், அதைச் சொல்லு என்று ஆரம்பித்தது இவள்தான். யுகாரி முதலில் விழித்தாள், அப்புறம் கீரையைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். காத்திருந்து காத்திருந்து நரம்பெல்லாம் முள்ளாகக் குத்தினால் இரா இரா. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருகிற கோபம் முகா முகா, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் குமட்டினாலும் அதே வார்த்தைதானாம். குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கோபித்தால் புன் புன். யாராவது சொன்ன ஒரு சொல் நெஞ்சில் கல் பட்டது போல நச்சென்று பட்டால் கச்சின். எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள், கன்னத்தை உப்பி, வயிற்றைத் தடவி, பல்லைக் கடித்து. மங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "எங்க ஊரிலயும் இருக்கே! சிடுசிடு, கடுகடு, முணுமுணு, நறநற, தொணதொண" என்று இவளும் எடுத்துவிட்டாள். அடேயப்பா, உலகத்தில் எரிச்சலுக்கு எத்தனை சத்தம். ஆனால் அத்தனையும் நடித்துக் காட்டின பெண் முகத்தில், நிஜமாக ஒன்றைக்கூட இந்த வீட்டில் அவள் பார்த்ததில்லை.

கேட்டில் இப்போது எல்லா வகையும் ஆஜர். பைக்கில் நின்ற ஆள் ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தான், அது இரா இரா. ஸ்கூட்டியில் ஒரு அம்மாவும் பின்னால் ஒரு குட்டிப் பெண்ணும். அம்மா ஐஸ் வாங்கித் தரவில்லை போல, குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அசல் புன் புன். ஞானப்பிரகாசம் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தனக்குத்தானே, "இவனுங்க வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டானுங்க போல, மேம்பாலம் கட்றேன் மேம்பாலம் கட்றேன்னு, கட்டினான் பாரு" என்று பொருமிக்கொண்டிருந்தார், அது நம் முணுமுணு, யுகாரி ஊரில் புத்சு புத்சு. வெயில் ஆட்டோவின் கூரைமேல் காய்ந்தது. இப்படிச் சுடுகிற வெயிலுக்கு ஜிரி ஜிரி என்பார்களாம், பொறுமை கொஞ்சம் கொஞ்சமாகத் தீய்ந்துபோவதற்கும் அதுவேதான். நல்ல வார்த்தை. எல்லோரும் எரிகிறார்கள், எல்லோரும் சத்தம் போடுகிறார்கள், யுகாரி ஒருத்தி மட்டும் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மாவைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தங்கச்சிலை. மங்கைக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. "வெள்ளரி வாங்கட்டுமாம்மா?" "பரவாயில்லை, அத்தை." "மிளகாப்பொடி போடாம?" "பரவாயில்லை." "தாகமா இருக்குமே?" யுகாரி தலையை மட்டும் ஆட்டினாள். ப்ளவுஸ் கையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இந்த நடராசன்கூட அப்படித்தான் இருந்தார், கல்யாணமான புதுசில். என்ன போட்டாலும் பரவாயில்லை, எங்கே கூப்பிட்டாலும் சரி. மரியாதை, மரியாதை, வீடு முழுக்க மரியாதை. மங்கைக்கு லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பது போல இருந்தது. அப்புறம் ஒருநாள் ரசத்தை வாயில் வைத்தார், வைத்த வேகத்தில் கிண்ணத்தைத் தள்ளினார், "மனுஷன் குடிப்பானா இதை? புளியா ஊத்தி வெச்சிருக்கே!" இவள் விட்டாளா, "வேணும்னா நீங்க வைங்க" என்று கரண்டியை அவர் முன்னால் போட்டாள். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றே தோன்றியது. உரிமை இருக்கிற இடத்தில்தானே எரிச்சல் வரும். ஊரான் வீட்டில் போய் யார் ரசம் புளிக்குது என்பார்கள், குடித்துவிட்டு நல்லா இருக்கு என்பார்கள். நல்லா இருக்கு. முதல்நாள் காபியைக் குடித்துவிட்டு யுகாரியும் அப்படித்தான் சொன்னாள், "ரொம்ப நல்லா இருக்கு அத்தை." அதிலிருந்து அவளுக்கென்று தனியாகச் சர்க்கரை தூக்கலாகப் போட்டு, பாலைச் சுண்டக் காய்ச்சி, தினம் இரண்டு வேளை. ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாள். இப்படியே சிரித்த முகமாகக் குடித்துவிட்டு, சிரித்த முகமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஏர்போர்ட்டில் குனிந்து குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவாளோ. அப்புறம் போனில் முகம் தெரியும், அதுவும் நடுவில் நின்று நின்று தெரியும், சௌக்கியமா அத்தை, சௌக்கியம்மா, சாப்பிட்டீங்களா, ஆச்சு. அவ்வளவுதான். பால்கனியில் கீரையோடு இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். மனசு ஒரு மாதிரியாக இருந்தது. அதற்கும் ஜப்பானில் சத்தம் வைத்திருக்கிறார்கள், மோயா மோயா, மனசுக்குள் பனிமூட்டம் மாதிரி, கோபமும் இல்லை, துக்கமும் இல்லை, ஆனால் சரியாகவும் இல்லை.

கூட்ஸ் வண்டி வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. பெட்டி பெட்டியாக நிலக்கரி. மங்கை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டாள். தரை அதிர்ந்தது, ஆட்டோவின் கண்ணாடி அதிர்ந்தது, யுகாரியின் காதுத் தொங்கட்டான் அதிர்ந்தது. கடைசிப் பெட்டி போனதும் அத்தனை வண்டியும் ஒரே சமயத்தில் உறுமின. ஞானப்பிரகாசம் கையால் இழுத்து ஸ்டார்ட் செய்தார். கம்பி அசையவில்லை. அசையவே இல்லை. யாரோ கேட்கீப்பரைப் பார்த்து, "யோவ், போயிடுச்சுய்யா!" என்றார். "இன்னொரு வண்டி இருக்கு" என்று அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. ஐயோ, அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டுமே. ஹாரன்கள், உச்சுக் கொட்டல்கள், ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றி டாங்க் மேல் டமாரென்று வைத்தான். வண்டிப் புகையும் அனலும் ஆட்டோவுக்குள் வந்து அடைத்தன. மங்கையின் தொண்டையில் அந்தக் கேள்வி மேலே வந்தது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இருப்பியாம்மா, போயிடுவியா. அவள் அதை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, கைக்கு அகப்பட்டதையெல்லாம் எடுத்துவிட்டாள்.

"தலை சுத்துதாம்மா? தண்ணி தரட்டுமா? கொஞ்சூண்டு குடியேன். முந்தானையால விசிறிவிடட்டுமா? இப்படி வந்துக்கோயேன், அங்க அனல் அடிக்குதுல்ல? பசிக்குதா? பிஸ்கட் வெச்சிருக்கேன், ஒண்ணே ஒண்ணு..." என்று பையைத் திறந்து, பிஸ்கட்டை உடைத்து, ஏறக்குறைய வாய்ப்பக்கம் கொண்டுபோய்விட்டாள்.

"ஐயோ, அத்தை! சும்மா இருங்களேன்! எத்தனை தடவை கேப்பீங்க?"

ஞானப்பிரகாசத்தின் முணுமுணுப்பு நின்றது. பிஸ்கட் கீழே விழுந்தது. யுகாரியின் புருவம் நடுவில் முடிச்சு விழுந்து, மூக்கு விடைத்து, கன்னம் சிவந்து, அந்த முகத்தை மங்கை இதற்குமுன் பார்த்ததே இல்லை. ஒரு கணம்தான். உடனே அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, ஆட்டோவுக்குள் இருக்கிற இத்தனூண்டு இடத்தில் குனிந்து குனிந்து, "கோமென்னசாய், மன்னிச்சுக்கோங்க அத்தை, மன்னிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

மங்கையர்க்கரசிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. செத்துக் கிடந்த லைனில் திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து "என்னம்மா பண்றீங்க அங்க?" என்று கத்தல் கேட்டது போல இருந்தது. சிரிக்கக் கூடாது, சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்வாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதெல்லாம் இருக்கட்டும். மன்னிப்பெல்லாம் அப்புறம். இப்ப வந்துச்சே, அது எது? இரா இராவா, முகா முகாவா?"

யுகாரி கையை எடுத்தாள். கிண்டலா, கோபமா என்று பார்த்தாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறாள் என்று தெரிந்ததும், அந்தப் பெண்ணின் சுபாவம், யோசித்தே பதில் சொன்னாள். "இரா இரா. முதல்ல கொஞ்சம். இப்ப நிறைய."

"என் மேலயா?"

"உங்க மேலயும்." சொல்லிவிட்டு மறுபடி வாயைப் பொத்தப் போனவள், கை பாதியில் நின்றுவிட்டது. "ப்ளவுஸ் டைட் அத்தை. இங்க, அக்குள்ல அறுக்குது. கையைத் தூக்க முடியலை."

"அடிப்பாவி! மல்லிகா கடையிலேயே கேட்டேனே!"

"நீங்க ஆசையா தைக்கக் குடுத்தீங்க, எப்படிச் சொல்றது?" குரல் உடைந்தது, உடைந்தாலும் நிற்கவில்லை, அணை திறந்துவிட்டது. "காபில சர்க்கரை. ரொம்ப, ரொம்ப. பாயசம் மாதிரி. தினமும் ரெண்டு. எனக்குச் சர்க்கரை போடாத காபிதான் பிடிக்கும்."

"ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சியேடீ!"

"மிச்சம் வைக்கிறது மரியாதை இல்லைன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்புறம் மாமா டிவி சத்தம். அப்புறம் பால்கனி. பால்கனி பூரா உங்க செடித் தொட்டி, நாம கீரை ஆய உட்காரவே இடம் பத்தலை. இப்ப வெயில், துணி மாடியிலே காயுது. மழைக்காலம் வந்தா நான் எங்க காயப் போடுவேன்? யோசிச்சீங்களா? நேத்து ராத்திரி பூரா நான் அதைத்தான் யோசிச்சேன். அந்தத் தொட்டி எல்லாம் மாடிக்குப் போகணும், பால்கனியில கொடி கட்டணும்."

மழைக்காலம். மங்கை அந்த வார்த்தையைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சித்திரை இன்னும் முடியவில்லை. வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் கிடக்கிறது, ஐப்பசிக்குத்தான் இந்த ஊரில் ஒழுங்காக மழை. அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறவள் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஐப்பசியில் துணி காயப் போட இடம் தேடுவாளா? தொண்டையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த கேள்வி எப்போது இறங்கிப் போனது என்றே தெரியவில்லை. மகனுக்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றியாயிற்று, ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண் கரித்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு, சும்மா விட்டுவிட மனசு வரவில்லை, நிஜமாகவே கொஞ்சம் சுரீரென்றும் இருந்தது, ஏனென்றால் அந்தத் தொட்டிகளில் இருப்பது அவள் உயிராக வளர்க்கிற அடுக்குமல்லி.

"என் செடி மேல கை வெச்சே பாரு, நல்லா இருக்காது சொல்லிட்டேன். மாடி வெயில்ல அது ரெண்டே நாள்ல கருகிடும். வேணும்னா பால்கனியில கிடக்கிற உன் மாமனாரோட ஈஸிசேரைத் தூக்கிப் போடு."

"மல்லிக்கு வெயில் வேணும் அத்தை. நான் படிச்சேன்."

"படிச்சாளாம்! நான் வளத்துருக்கேன்டீ!"

யுகாரி கன்னத்தை உப்பிக்கொண்டு வெளியே திரும்பினாள். இந்தத் தடவை நடிப்பு இல்லை. அசல் புன் புன். மங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்த்துத் தீரவில்லை. இரண்டாவது வண்டி, பயணிகள் வண்டி, எப்போது வந்து எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. கம்பி கணகணவென்று மேலே போனது, முன்னாலும் பின்னாலும் வண்டிகள் முண்டியடித்தன. ஞானப்பிரகாசம் இஞ்சினை இழுத்துவிட்டு, கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தார்.

"கேட் தொறந்தாச்சுக்கா. வண்டியை எடுக்கட்டா, இல்ல சண்டையை முடிச்சுக்கிறீங்களா?"

"நீ எடுப்பா" என்றாள் மங்கையர்க்கரசி. "இது இப்போதைக்கு முடியற சண்டை இல்ல."